மூன்று துண்டு பாஸ்வேர்டு

மூளையைப் பத்திரமாக வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேலக்கரைக் கல்லூரியில் மட்டும் அவர்களைக் கணினிப் பாதுகாப்புக் குழுவாக்கி நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

அந்தக் குழுவிடம்தான் கடைசி ஆண்டு மாணவி இளநிலா மாட்டினாள். பகல் இரண்டு மணிக்குச் செய்முறைத் தேர்வு. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் கைக்கு வந்த வேலை போய்விடும். அதற்கான வெர்ச்சுவலைசேஷன் வசதியோ, கல்லூரி கொடுத்த மடிக்கணினியில் அணைந்து கிடந்தது. அதை இயக்க, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் பக்கத்துக்குள் போக வேண்டும்; அதற்குக் குழு பாஸ்வேர்டு போட்டிருந்தது.

"உள்ளே இன்னொரு கணினியா?" என்றார் தலைவர் இருளப்பன். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல அதுக்குத் தனி நம்பர் போடணுமே. ஸ்டிக்கரை எங்கம்மா ஒட்டுறது?"

"அது நிஜக் கணினி இல்ல சார்."

"போலியா? அப்ப பிரின்சிபால் கையெழுத்து வேணும்" என்றார் குழு உறுப்பினர் சுகந்தா மேடம்.

ஒரு மணி நேரம் வாதாடி, ஸ்டிக்கர் இல்லாமலே அனுமதி வாங்கினாள்.

அடுத்தது பாஸ்வேர்டு. 'முழுதாக ஒருவருக்கே தெரியக் கூடாது' என்று ஒரு சுற்றறிக்கை. ஆகவே மூவரிடம் மூன்று துண்டுகள். 'தட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது' என்று இன்னொன்று. ஆகவே ஒருவர் தட்ட, மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். தட்டியவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தப்பு. மறுபடியும் தப்பு.

"கண்ணைத் திறந்து தட்டுங்க சார்!"

"யாரும்னா நானும்தானேம்மா?" என்றார் மூன்றாமவர் மரியதாசன்.

"உங்க துண்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கீபோர்டைப் பார்த்தா ரகசியம் ஊசிப்போயிடுமா?"

மூவரும் தலையைச் சொறிந்தார்கள். "பொண்ணு சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றார் தலைவர். தீர்மானம் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்து தட்டினார்கள்.

பயாஸ் திறந்தது. இளநிலா வசதியை இயக்கிச் சேமித்தாள். மணி ஒன்று நாற்பது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடப் போனவளை மேடம் மறித்தார்.

"வாங்கின பொருளை வாங்கின நிலையிலேயே திருப்பித் தரணும்னு ரூல். நீ எங்ககிட்ட கொடுக்கும்போது அந்த வசதி அணைஞ்சுதானே இருந்துச்சு?"

"அதுக்காகத்தானே மேடம் கொடுத்தேன்!"

"கத்தாதே. ரிஜிஸ்டர்ல நாங்க என்னன்னு எழுதுறது?"

மறுபடியும் முறைப்படி சுவர் பார்த்து, முறைப்படி தட்டி, வசதியை அணைத்தார்கள். இந்த முறை ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. அழாத குறையாக நின்றவளுக்கு மனமிரங்கி ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்: 'இம்மடிக்கணினியில் 1.40 முதல் 1.46 வரை வெர்ச்சுவலைசேஷன் இயங்கியது.' மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்காவது அநியாயம் புரியும் என்று, கொதிப்போடு அதை அவர் மேசையில் போட்டாள் இளநிலா. அவர் ஒரு வரி விடாமல் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு காகிதத்தை நான்காக மடித்து, மடிக்கணினியின் யு.எஸ்.பி. ஓட்டைக்குள் பக்குவமாகச் சொருகினார்.

"எல்லாம் சரியா இருக்கு. இப்ப ஓட்டிக் காட்டும்மா."