கட்டைக்காலும் வேதியியல் வகுப்பும்

பொய்க்கால் குதிரை ஆடும் தமயந்தியிடம் ஐந்து பேர் ஆட்டம் பழகினார்கள். அவர்களில் இளையவள் பூவிழி, பதினேழு வயது. தை பிறந்தால் ஆவணி வரை ஊர் ஊராகப் போகிற குழு அது. அத்தனை நாள் லீவு எந்தப் பள்ளிக்கூடமும் தராது. அதனால் பன்னிரண்டாம் வகுப்பை ஆன்லைனில் படித்தாள். தினமும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு.

முதல் இரண்டு மாதம் தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. வேனில் போகும்போது வகுப்பு, அரிதாரம் பூசும்போது வகுப்பு, ஒத்திகையின்போதும் ஒரு காதில் வகுப்பு. கேமராவை அணைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆடி மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அம்மன் கோயில் ஊர்வலம். நல்ல வெயில். தமயந்தி ராஜா வேஷம், பூவிழி ராணி வேஷம். ராணியின் கிரீடத்துக்குக் கீழே, காதில் சின்ன இயர்போன். அன்றைக்கு வேதியியல் மிஸ் மதிப்பெண் வாசிக்கிற நாள்.

தவில் வேகம் பிடித்தது. இருவரும் குதிரையைச் சுழற்றினார்கள்.

"பூவிழி, எழுபதுக்குப் பத்தொன்பது."

அத்தனை மேளச் சத்தத்தையும் மீறி அது மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு அடி தவறியது. காலில் கட்டிய கட்டை வழுக்கிப் பூவிழி சாய, தமயந்தி கையை நீட்டித் தாங்கினாள். பூவிழி இடுப்பில் மாட்டியிருந்த குதிரைக் கூடு முழுக்க அந்தக் கையின் மேல் விழுந்தது.

பூவிழிக்கு ஒரு கீறலும் இல்லை. தமயந்தியின் மணிக்கட்டு வீங்கிப்போனது. தரையில் கிடந்த இயர்போனை அவள் மற்றக் கையால் எடுத்துப் பூவிழியிடம் கொடுத்தாள். மிச்ச ஊர்வலத்தை ஒற்றைக் கையோடு ஆடி முடித்தாள்.

திரும்பும் வழியெல்லாம் பூவிழி அழுதாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு நாள் கழித்து, காலையிலேயே ஒத்திகைக் கொட்டகைக்கு வந்தாள். தமயந்தி வீங்கிய கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, இன்னொரு கையால் குதிரையின் பிய்ந்த ஜரிகையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, ரெண்டும் என்னால முடியல. எதை விடட்டும்? நீங்களே சொல்லிடுங்க."

"கட்டையைக் கட்டு."

பூவிழி கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு கால்லயும் சரிபாதியா பாரத்தைக் கொடு. அசையாம நில்லு."

நின்றாள். மூச்சு விடுவதற்குள் முன்னால் சாய்ந்து தூணைப் பிடித்தாள்.

"மறுபடி."

மறுபடி நின்றாள். இந்தத் தடவை பின்னால் சரிந்தாள்.

"மறுபடி."

மூன்றாம் தடவை பாயில் போய் விழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்டைக்கால்ல அப்படி யாராலயும் நிக்க முடியாது! ஒரு கால்ல முழுசா ஊணித்தான் அடுத்த காலை எடுக்கணும். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் தமயந்தி. ஜரிகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பசை காய்வதற்காகக் காத்திருந்தாள்.

பூவிழி பாயில் உட்கார்ந்தபடியே தன் கால் கட்டைகளைப் பார்த்தாள்.

"மணி என்ன?"

"பத்தாகப் போவுது."

"கட்டையை அவுத்து வச்சிட்டு வகுப்புக்குப் போ. கேமராவுல உன் மூஞ்சி தெரியட்டும். ஒரு மணிக்கு மேல இங்க வா. போன் இங்க வரக்கூடாது."

"ஊர்வலம் இருக்கிற அன்னிக்கு?"

"முன்னாடியே மிஸ்கிட்ட லீவு சொல்லிடு. விட்டுப்போன பாடத்தை மறுநாள் கேட்டுப் படி."

பூவிழி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். கேட்கப் பயந்த ஒன்று மிச்சம் இருந்தது. பங்குனித் தேர். அந்த வட்டாரத்திலேயே பெரிய கூட்டம் கூடுகிற திருவிழா. அதில் ராணியாக ஆட வேண்டும் என்றுதான் நான்கு வருஷம் இந்தக் கட்டையோடு கிடந்தாள்.

"பங்குனித் தேரும் பரீட்சையும் ஒரே வாரத்துல வருது, வாத்தியாரம்மா."

"தெரியும். தேருக்கு வேற ராணியைப் பழக்குறேன்."



"அப்போ என் இடம்?"

தமயந்தி முதல்முறையாக ஜரிகையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"முந்தாநாள் உன் இடத்துல யாரு ஆடினா?"

அன்றைக்கு ராணி வேஷத்தில் தான் நின்றாலும் மனசு மார்க்கில் கிடந்தது பூவிழிக்கு உறைத்தது. மிச்ச முடிச்சையும் அவிழ்த்து, கட்டையைத் தூணில் சாய்த்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.