மூன்று சொட்டுக் கடம்பம்பூத் தண்ணீர்

ஒரு காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் சடைச்சி என்ற மந்தி தனியாக இருந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய அக்காள் நீலி. சடைச்சி அத்திப்பழம் பறிக்க வந்த அன்றைக்கென்று பார்த்து வெள்ளம் வந்து, தாவிப் போகும் பாறைகளை எல்லாம் மூடிவிட்டது. பாவம், மாட்டிக்கொண்டாள்.

அந்த மந்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. பொழுது சாயும்போது ஒன்று "கூவ்" என்று கூப்பிடும். மற்றது பதில் கொடுக்கும். மூன்று நாள் பதில் வராவிட்டால், செத்துப்போய்விட்டது என்று அழுதுவிட்டு வேறு மலைக்குப் போய்விடும்.

நீலி தினமும் கூப்பிட்டாள். சடைச்சியும் பதில் கொடுத்தாள். குரல் வருகிறது, ஆள் வரவில்லையே! சடைச்சிக்கு ஒரு பழம் கிடைத்தால் அக்காவுக்கென்று பாதி எடுத்து வைப்பாள். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள்.

கடைசியில் கரடி வைத்தியரிடம் போனாள். கரடியார் பூக்களை ஊற்றுத் தண்ணீரில் போட்டு, வெயிலில் வைத்து, குடுக்கைகளில் ஊற்றி வைத்திருப்பார். கோபத்துக்கு வேப்பம்பூ, பயத்துக்கு மகிழம்பூ. மனசில் எது வந்தாலும் அவருக்கு அது நோய்தான்.

"என்ன செய்கிறது உனக்கு?"

"அக்காவைப் பார்க்க வேண்டும் போலவே இருக்கிறது, வைத்தியரே."

"அட, ஏக்கம்! இதற்குக் கடம்பம்பூ. பொழுது சாயும்போது நாக்கில் மூன்று சொட்டு விடு. முதல் நட்சத்திரம் தெரிகிறவரை வாயைத் திறக்காதே. திறந்தால் மருந்து பலிக்காது."

அன்று மாலை சொட்டு விட்டதுமே, அக்கரையிலிருந்து "கூவ்" என்றாள் நீலி. சடைச்சிக்குத் தொண்டைவரை பதில் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் நீலி நான்கு முறை கூப்பிட்டாள். மூன்றாம் நாள் அந்தக் குரல் உடைந்து வந்தது. மருந்து குடிக்கும் மும்முரத்தில், மூன்று நாள் வழக்கம் சடைச்சிக்கு மறந்தே போயிற்று.

நாலாம் நாள் அக்கரையில் சத்தமே இல்லை.

சடைச்சி அலறியடித்துக்கொண்டு ஓடினாள். "வைத்தியரே, அக்கா கூப்பிடவில்லை!"

"பார்த்தாயா!" என்று கரடியார் பூரித்துப் போனார். "மருந்து வேலை செய்கிறது. குரல் கேட்டால்தானே ஏக்கம்?"

சடைச்சி குடுக்கையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள். வெள்ளம் வடிந்து, பாறைகளின் உச்சி மட்டும் வழுவழுவென்று தெரிந்தது.

"நில், நில்! பயத்துக்கு மகிழம்பூ வேண்டாமா?"

"வேண்டாம். பயந்துகொண்டே போகிறேன்!"

தாவினாள். வழுக்கினாள். மூக்காலும் வாயாலும் தண்ணீர் குடித்துக் கரையேறினாள். அக்காவின் மரம் காலியாக இருந்தது. மலை முழுக்கக் கூவிக்கொண்டே ஏறினாள். தொண்டை கட்டிப்போனது. அழுதுகொண்டே இன்னொரு முறை கூவினாள்.

மேலேயிருந்து, நம்ப முடியாதது போல, "கூவ்?" என்று ஒரு குரல் வந்தது.

ஓடிவந்த நீலி முதலில் ஓர் அறை விட்டாள். "உயிரோடுதான் இருந்தாயா! மூன்று நாளாக வாயில் என்ன கொழுக்கட்டையா?"

"மருந்து, அக்கா."

"எதற்கு மருந்து?"

"உன்னை நினைக்காமல் இருக்க."

நீலி மறுபடி கையை ஓங்கினாள். ஓங்கிய கை தங்கையின் ஈரத்தலையில் மெதுவாக இறங்கிப் பேன் பார்க்கத் தொடங்கியது.

நீதி: ஒருவருக்காக ஏங்கினால், ஏக்கத்தை அடக்க மருந்து தேடாதே, அவரைக் கூப்பிடு.