மூன்றாம் அத்தியாயத்துக் கன்று

1988 சித்திரையில் ஒரு ஞாயிறு. நூற்று எழுபத்தாறு பக்க நாவல் ஒன்றைப் படித்து முடித்த எரிச்சலோடு தமயந்தி ஆசிரமத்துக்கு வந்தாள்.

"சாமி, நான் ஏமாந்துட்டனுங்க."

ஆசிரமத்துத் துறவி சாமியம்மா முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தமயந்தியைவிட இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"யாருங்க்கா ஏமாத்துனது? அந்தக் காங்கேயத்து மாப்பிள்ளையா?"

"அது தனிக் கதைங்க. இது புஸ்தகம்."

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. 'மேற்கே ஒரு முத்தம்'. அட்டையில் தொப்பிக்காரன் ஒருவன் குதிரைமேல் இருந்தான்.

"கௌபாய் காதல் கதைங்க. பத்தாம் பக்கத்துலயே முடிவு தெரிஞ்சுபோச்சு. ஜாக்னு ஒருத்தன். எமிலினு ஒருத்தி. மொதல்ல சண்டை, அப்புறம்..."

"முடிவைச் சொல்லிப்போடாதீங்க!"

சாமியம்மா புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிடுங்கினார்.

தமயந்தி திகைத்தாள். உபநிடதம் விளக்குகிற வாய், இப்போது எழுத்துக்கூட்டாத குறையாக ரசித்து முணுமுணுத்தது.

"மழையில நனையறான். தொப்பி மட்டும் விழ மாட்டேங்குது!"

"கடைசி வரைக்கும் விழாதுங்க."

"சொல்லாதீங்கன்னேன்."

தமயந்தி புளியை இழுத்து வைத்துக்கொண்டு கொட்டை எடுக்கத் தொடங்கினாள். கை வேலை செய்தது. வாய் நிற்கவில்லை.

"அவளுக்கு ஒண்ணுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வர்றான் சாமி. அப்படி ஒருத்தன் வேணும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா படிச்சு முடிச்சா மனசுல ஒட்டலை. ஏன்னு தெரியலை."

"காங்கேயத்தார் அப்படி இல்லீங்களாக்கும்?"

"சென்னியப்பனா? நல்லாச் சொன்னீங்க போங்க. மாடு வளக்கறவரு. போன வாரம் அண்ணனோட வீடு பாக்கப் போயிருந்தேன். 'உங்களுக்கு என்ன புடிக்கும்'னு கேட்டேன். பாதிப் பதில்ல தொழுவத்துல மாடு கத்துச்சு. எந்திரிச்சுப் போனவருதான். நாங்க கெளம்பற வரைக்கும் வரவே இல்லை. காப்பி ஆறிப்போச்சு. அண்ணனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

"பதில் சொல்லிட்டீங்களா?"

"இன்னைக்குச் சாயங்காலம் சொல்லணும். வேண்டாம்னு சொல்லத்தான் போறேன். முப்பத்திநாலு வயசுல வந்த வரன். அதனாலதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு..."

சாமியம்மா கையை உயர்த்தினார். மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தார்.

வெயில் முற்றத்தைத் தாண்டியது. படித்த பக்கத்துக்கு அடையாளமாக ஒரு புளியங்கொட்டையை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"அக்கா, இந்தக் கன்னு என்னாச்சு?"

"எந்தக் கன்னுங்க?"

"புயல்ல ஒரு மாடு ஈனுது. கன்னோட கால் ரெண்டும் வெளிய வந்துருச்சு. ஜாக் புடிச்சிட்டிருக்கான். எமிலி கூப்புடற சத்தம் கேட்குது. விட்டுட்டுக் குதிரையில தாவிட்டான். அப்புறம்?"

"அப்புறம் முத்தமுங்க."

"கன்னு?"

தமயந்தி புத்தகத்தை வாங்கினாள். நாலாம் அத்தியாயத்தில் விருந்து. ஐந்தில் துப்பாக்கிச் சண்டை. ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசி அத்தியாயத்தில் தேவாலயம் இருந்தது, மணி அடித்தது, தொப்பி இருந்தது.

கன்று இல்லை. தாய் மாடும் இல்லை.

"எழுதுனவரு மறந்துட்டாருங்க."

"அவரு கெடக்கறாரு. ஜாக்குமா மறந்துட்டான்?"

தமயந்தி மறுபடி அந்தப் புயல் பக்கத்துக்குத் திருப்பினாள். மடியில் புத்தகம் திறந்தே கிடந்தது.

பிறகு சட்டென்று எழுந்து சேலையிலிருந்த புளி ஓட்டைத் தட்டினாள்.

"எங்கீங்க்கா?"

"அண்ணனைப் பாக்கோணும்."

"புஸ்தகம்?"

"நீங்களே வெச்சுக்குங்க சாமி."

"அப்பாடா," என்றார் சாமியம்மா. புளியங்கொட்டை வைத்த இடத்தைத் தேட ஆரம்பித்தார்.

1988 மே 26, வியாழக்கிழமை, சிவன்மலையில் தமயந்திக்கும் சென்னியப்பனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். வேட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. பெண்ணின் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணவறையில் பெண் ஒன்றுதான் கேட்டாள்.

"கன்னு கெடாரியா, காளையா?"