காத்துக்கொல்லும் அரசே!

ஒரு காட்டில் கோடை முற்றி ஓடையெல்லாம் வற்றி, ஒரே ஒரு குளம் மிஞ்சியது. அந்தக் கரையில் சிங்கராஜா வந்து குந்திக்கொண்டது. பிறகு யார் தண்ணீருக்குப் போவது?

சிங்கத்துக்கு மனு எழுத விலங்குகள் முள்ளம்பன்றியைப் பிடித்தன. முதுகு நிறைய எழுதுகோல் வைத்திருப்பவர் வேறு யார், குழந்தைகளே? அந்தக் கர்வம் அதற்கும் உண்டு. ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்து, தேக்கிலையில் மடமடவென்று எழுதித் தள்ளியது.

"அண்ணே, அதன்மேல் நான் ஒருமுறை ஊர்ந்து பார்க்கட்டுமா? எழுத்துக்கு எழுத்து நின்று போவேன்" என்றது நத்தை.

"நீ ஊர்ந்து முடிப்பதற்குள் அடுத்த மழையே வந்துவிடும், போடி!"

"அப்படியானால் நீங்களாவது வாய்விட்டுப் படியுங்கள்."

"எழுதினவனுக்குத் தெரியாதா, என்ன எழுதினான் என்று?"

"உப்புப் பார்க்காமல் பரிமாறினால் பந்தியே எழுந்து ஓடும், அண்ணே."

முள்ளம்பன்றி காதில் வாங்கவில்லை. கூட்டத்தோடு போய் மனுவை நீட்டியது.

சிங்கத்துக்குப் பசி. புகழ்ச்சியையெல்லாம் தாண்டி நேரே கடைசி வரிக்குப் போனது.

"'தண்ணீர் தந்து எங்களைக் காத்துக்கொல்லும்.' அடடா! குடிக்க விட்டு, காத்திருந்து கொல்லச் சொல்கிறீர்கள். என்ன மரியாதை! வாருங்கள், குடியுங்கள்!"

முள்ளம்பன்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'கொள்ளும்' என்றல்லவா நினைத்தேன்!

"பிழை, ராஜா! திருத்தித் தருகிறேன்!"

"கைக்கு வந்த மனுவில் எழுத்து மாறாது. ஆலமரத்தில் மாட்டிவிட்டு அதன்படி நடப்பேன்."

"அடப்பாவி! தண்ணி கேட்கச் சொன்னால் எங்களையே விருந்து வைத்துவிட்டாயே!" என்று மான் அலறியது.

முள்ளம்பன்றி, தன் எழுத்தை வேறு எவனோ எழுதியதைப்போல முதலிலிருந்து உற்றுப் பார்த்தது. முதல் வரியிலேயே கண் நின்றது: 'புகழ் குரையாத அரசே.'

"சரி, ராஜா, சாப்பிடுங்கள். ஆனால் ஆலமரத்தில் இந்த முதல் வரியும் அல்லவா தொங்கும்? 'குறையாத' அரசரைக் 'குரையாத' அரசர் என்று எழுதிவிட்டேன். குரைக்க மறந்த நாய் என்றுதான் காடே படிக்கும்."

கூட்டத்தில் யாரோ "லொள்!" என்றார்கள்.

சிங்கத்தின் பிடரி சிலிர்த்தது. "என்னை நாய் ஆக்கினாயா? திருத்து! ஒரு பிழை மிச்சம் இருக்கக்கூடாது. திருத்தினபின் இருப்பதுதான் சட்டம்!"

"ஒரு பிழைகூடவா, ராஜா?"

"ஒன்றுகூட!"

முள்ளம்பன்றி வாய்விட்டுப் படித்தது, திருத்தியது, மறுபடி படித்தது. 'குரை' குறை ஆனது. 'கொல்லும்' கொள்ளும் ஆனது.

சிங்கம் வாங்கிப் படித்தது. அதன் வயிறு கர்ரென்றது. கொடுத்த வாக்கை விழுங்க முடியாமல், முணுமுணுத்தபடி கரையைவிட்டு எழுந்து போனது. விலங்குகள் வயிறு முட்டக் குடித்தன.

நீதி: எழுதினதைத் தானே திருத்தாதவனுக்கு, அவன் எழுத்தே எமன்.