கணுவில் முளைத்த சந்தேகம்

அந்தக் காலத்தில், செடிகளுக்கு நாவும் தண்ணீருக்குச் செவியும் இருந்தபோது, திருநீற்றுப்பச்சிலைக்கு அடியில் மட்டுமே வேர் உண்டு. ஒடித்த கொப்பு வாடும்; வாடினால் அதோடு அதன் கதை முடியும்.

அந்தச் செடி உலகில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது சாத்தப்பன் என்னும் வணிகனின் தோட்டத்தில் நின்றது. அது தனித்து நின்றது தற்செயல் அன்று. விதை பிறர் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தால், கதிர் தலைகாட்டியதுமே சாத்தப்பன் அதைக் கிள்ளி அடுப்பில் போட்டுவிடுவான். கிள்ளக் கிள்ளச் செடி பக்கங்களில் தழைத்தது. தழைத்த கொப்புகளை வாழைநாரால் கட்டிச் சந்தையில் விற்றான். தோட்டத்துச் சாவி அவன் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. தண்ணீர் ஊற்றக்கூட வேறோர் ஆளை உள்ளே விடமாட்டான். வேலியில் வாழ்ந்த ஓணானை ஒற்றனாக வைத்திருந்தான். அதையும் அவன் முழுதாக நம்பவில்லை. அது தலையை ஆட்டும்போது ஆமோதிக்கிறதா, கேலி செய்கிறதா என்று அவனுக்கு விளங்கியதே இல்லை.

அதே ஊரில் குருவம்மாள் என்பவள் கதம்பம் தொடுத்துப் பிழைத்தாள். அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சந்தைக்கு வரும் கட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன, இலைகளும் சுருங்கின. 'தாய்ச்செடிக்கு வயதாகிவிட்டது. இவன் அதை மறைக்கிறான். அது போனால் அடுத்த செடிக்கு எங்கே போவது? பச்சிலை மணக்காத கதம்பத்தை யார் வாங்குவார்?' என்று எண்ணினாள். ஆகவே, வாங்கிய கட்டிலிருந்து சில கொப்புகளை எடுத்து, இலையும் நுனியுமாக அப்படியே தன் கொல்லையில் நட்டாள். அவை ஒன்றுவிடாமல் அழுகின.

ஓணான் இதைப் பார்த்தது, ஓடிப்போய்ச் சொன்னது. அடுத்த சந்தைநாளில், கட்டை விற்ற கையோடு சாத்தப்பன் அவள் பின்னாலேயே நடந்தான்.

"என்ன அண்ணாச்சி, விற்ற கட்டுக்குக் காவலாகவே வந்துவிட்டீர்கள்? வழி தப்பிப் போய்விடும் என்று பயமா?" என்றாள் குருவம்மாள்.

"கொல்லையில் என்ன புதைத்தாய், குருவம்மா?"

"பிணத்தைப் புதைத்தவளைக் கேட்பதுபோலக் கேட்கிறீர்களே! என் பொருள், என் மண். போய்ப் பாருங்கள். ஒன்றாவது உயிரோடு இருந்தால் உங்களுக்கே தந்துவிடுகிறேன்."

அவன் கொல்லையைக் கிளறிப் பார்த்தான். எல்லாம் கறுத்துக் குழைந்திருந்தன. அதனாலும் அவன் மனம் ஆறவில்லை. 'அழுகியதைக் காட்டுகிறாள் என்றால், அழுகாததை எங்கே ஒளித்திருக்கிறாள்?' என்று நினைத்தான். அன்றைய கட்டில் ஒரு கொப்பு மற்றவற்றைவிட நிமிர்ந்து நின்றது. அது அவன் கண்ணை உறுத்தியது.

"இதைத் திருப்பிக் கொடு."

"விற்றதைத் திரும்ப எடுப்பவனுக்குச் சந்தையில் இடமில்லை என்று கூவியவர் யார், அண்ணாச்சி? நீங்கள்தானே? வேண்டுமானால் சோதித்துக்கொள்ளுங்கள். கொப்பு என்னுடையது."

சாத்தப்பன் சோதிக்கத் தொடங்கினான். நுனியில் கதிர் ஒளிந்திருக்குமோ என்று நுனியைக் கிள்ளினான். இலைக்கக்கத்தில் விதை பதுங்கியிருக்குமோ என்று கீழ் இலைகளையெல்லாம் உருவினான். தண்டுக்குள் வேர் சுருண்டிருக்குமோ என்று மடியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டினான்.

"ஐயா, என்னைத் தோலுரிக்கிறீரே! நான் என்ன திருடினேன்?" என்று கொப்பு அழுதது.

"திருடாதது ஏன் வாயைத் திறக்கிறது?" என்றான் சாத்தப்பன்.

ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே அவனுக்குப் பெரிய தடயமாகப் பட்டது. வீட்டுக்குப் போய் ஒரு பளிங்குக் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். அதில் எதையும் மறைக்க முடியாது. தண்ணீர் நிரப்பிக் கொப்பை நிறுத்தினான். வெயிலில் வைத்தால் கண் கூசிச் சரியாகப் பார்க்க முடியாது என்று, வெளிச்சம் படும் நிழலாகப் பார்த்து அவள் வீட்டு ஜன்னலோரத்தில் வைத்தான்.

"இது வாடும் வரை இங்கேயே இருப்பேன்" என்றான்.

"இருங்கள். கஞ்சி மட்டும் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும். நான் கொடுத்தால் அதிலும் ஏதோ கலந்திருக்கிறது என்பீர்கள்."

நாள்தோறும் அவன் விடியலில் வந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொழுது சாயும் வரை காத்தான். தான் இல்லாத நேரத்தில் அவள் எதையாவது கரைத்திருப்பாளோ என்று, வந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றினான்.

அது கோடைக்காலம். அவன் தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய காலைப்பொழுதெல்லாம் குருவம்மாளின் ஜன்னலடியில் கழிந்தது. இருட்டில் யாராவது பின்னாலேயே நுழைந்துவிடுவார்களோ என்று இரவில் அவன் பூட்டைத் திறக்கமாட்டான். சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது.

ஒருநாள் ஓணான் மூச்சிரைக்க வந்தது. "எசமானே, தாய்ச்செடி தலை சாய்ந்துவிட்டது. ஒரு குடம் தண்ணீராவது ஊற்றுங்கள்."

சாத்தப்பன் அதை ஏற இறங்கப் பார்த்தான். "என்னை இங்கிருந்து கிளப்பப் பார்க்கிறாயா? இவள் உனக்கு என்ன கொடுத்தாள்?"

"வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் நீங்கள். இப்போது குத்துகிறது குடைகிறது என்றால் நான் என்ன செய்வேன்?" என்றாள் குருவம்மாள். அவள் சிரிக்கவில்லை. தன் சந்தேகம் மெய்யாகிவிட்டதே என்று குடத்தை எடுத்தாள். தானே போய் ஊற்றலாம் என்றால் தோட்டம் பூட்டிக் கிடந்தது.

"சாவியைக் கொடுங்கள் அண்ணாச்சி, நான் ஊற்றிவிட்டு வருகிறேன்" என்றாள்.

"அப்படி வா வழிக்கு! இத்தனையும் இந்தச் சாவிக்குத்தானே?" என்று அவன் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கிண்ணத்திலிருந்த கொப்பு எல்லாவற்றையும் கேட்டது. மறுநாளும் ஓணான் வந்தது. ஜன்னல் விளிம்பில் தலை அசையாமல் உட்கார்ந்திருந்தது. தாய் போய்விட்டாள் என்று கொப்புக்குப் புரிந்தது. இனி அதன் குலத்தில் அது ஒன்றுதான். அதுவும் வாடினால், அந்த மணமே மண்ணில் இராது.

அது முதல்முறையாகத் தண்ணீரிடம் பேசியது. "உன்னை நம்பலாமா?"

"உன்னை நான் நம்பலாமா?" என்றது தண்ணீர். "வேர் என்பது மண்ணின் சொத்து. என்னை வேவு பார்க்க மண் உன்னை அனுப்பியதோ?"

"மண்ணில் இறங்கிய என் உடன்பிறப்புகள் அழுகினார்கள். உன்னில் முங்கியவர்களும் அழுகியதாகக் கேள்வி."

"முங்கிய இலைதான் அழுகும். உனக்குத்தான் கீழே இலையே இல்லையே. நாளுக்கு நாள் நான் புதிதாகவும் வருகிறேன். அழுக எனக்கே நேரமில்லை."

"சொல்வதெல்லாம் சரியாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை."

"நம்பாமல் எப்படிப் பிழைப்பாய்?"

"தடவிப் பார்த்துக்கொள்கிறேன்" என்றது கொப்பு.

அறியாத வீட்டின் இருட்டில் நுழைபவர் கட்டைவிரலால் நிலைப்படியைத் துழாவுவதைப்போல, இலை உருவப்பட்ட கணுவின் காயத்திலிருந்து கொப்பு ஒரு விரலை நீட்டியது. வெள்ளை விரல்; மயிரினும் மெல்லியது. தண்ணீர் இனித்தது. முதல் விரல் சொன்னது மெய்தானா என்று பார்க்க இரண்டாவதை நீட்டியது. இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஏய்க்கின்றனவோ என்று மூன்றாவதை அனுப்பியது. சந்தேகம் தீரத் தீர விரல்கள் பெருகின.

விடியலில் வந்த சாத்தப்பன் கிண்ணத்தைக் கண்டு கூவினான்: "கள்ளி! நான் சொன்னேனே! வேரை எங்கே ஒளித்திருந்தாய்?" கொப்பைப் பிடுங்கக் கை நீட்டினான்.

குருவம்மாள் குறுக்கே நின்றாள். "நுனியைக் கிள்ளியது யார்? இலையை உருவியது யார்? வெட்டியது, நிழலில் வைத்தது, தண்ணீர் மாற்றியது யார்? நான் இதைத் தொட்டதுண்டா? பிடுங்குங்கள், தடுக்கவில்லை. ஒருமுறை உங்கள் தோட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து பிடுங்குங்கள்."

அவன் போனான். தாய்ச்செடி தொட்டதும் ஒடிந்தது. விதையைத் தேடினான், ஒரு விதைகூட வெளியே போகாமல் பார்த்துக்கொண்டவன் அவனே. எல்லாம் அவன் அடுப்பில் சாம்பலாகியிருந்தன.

அவன் நெடுநாள் அவள் வாசலுக்கு வரவில்லை. வேர் பிடித்த கொப்பைக் குருவம்மாள் மண்ணில் வைத்தாள், அது தன் விரல்களால் மண்ணையும் தடவிப் பார்த்து, பிறகு நின்றது, தழைத்தது. அதன் பிறகே சாத்தப்பன் தலைகுனிந்து வந்தான்.

"ஒரு கொப்பு வேண்டும், தாயே."

அவள் ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். "செய்முறை உங்களுடையதுதான் அண்ணாச்சி. எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களைப் பார்த்துக் கற்றது."

அவன் கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது வேர்விடும் கொப்புதானே?"

"சந்தேகமாக இருந்தால் நல்லதுதான். தினமும் பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டு ஜன்னலில்."

அன்று முதல்தான், சந்தையில் வாங்கிவந்த திருநீற்றுப்பச்சிலைக் கொப்பைக் கீழிலை உருவித் தெளிந்த தண்ணீரில் நிறுத்தினால், அது எவரையும் நம்பாமல் கணுவிலிருந்து வெள்ளை விரல்களை நீட்டித் துழாவுகிறது. அதை வைத்தவர்களும் காலையில் எழுந்ததும் கிண்ணத்தைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி அதைப் பார்க்கிறார்கள்.