பாறை பூத்த குங்குமம்

மலைச் சுனைக்குப் பக்கத்தில் ஒரு சாமியார் இருந்தார். அவர் உள்ளங்கை இரண்டிலும் மிளகைப் பதித்தது போலக் காய்ப்பு. தவத்தில் வந்த காய்ப்பு என்று ஊரே அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அவர் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

மாசானம் அவருக்குச் சீடன். நாற்பது வயதுக்காரன். பதினோரு வருஷமாக ஒரே கேள்விதான் கேட்பான்.

"சாமி, அம்மன் எனக்கு ஒரு அடையாளம் காட்டுவாளா?"

ஒருநாள் காலையில் மூச்சு வாங்க வந்து நின்றான். கையிலிருந்த வாழையிலையைப் பிரித்தான். உள்ளே ரோஜா நிறத்தில் பொடி.

"காட்டிட்டா சாமி."

"எங்க எடுத்த?"

"மேல, அந்தக் காலத்துல வெள்ளி தோண்டின குகையில. மழைத்தண்ணி ஒழுகின சுவரெல்லாம் பூத்துக் கிடக்கு. ஊசி ஊசியா, அப்படியே பூ மாதிரி. நகம் பட்டாலே உதிருது. பாறை எங்கயாவது பூக்குமா?"

சாமியார் பொடியைத் தொடவில்லை.

"யாருக்கும் குடுத்தியா?"

"பூசாரி வீட்டுல நாலு பேருக்கு நெத்தியில வச்சேன். என் தங்கச்சி முத்துப்பேச்சிக்கு மட்டும் சொம்புத் தண்ணியில போட்டுக் குடுத்தேன். பன்னெண்டு வருஷம் கழிச்சுல்லா உண்டாயிருக்கா. தலைக்குக் குளிச்சிட்டுக் குடின்னேன்."

"அது விஷம். ஓடிப்போய்க் கொட்டு."

மாசானம் சிரித்தான். "என்னைச் சோதிக்கீங்களா சாமி?"

சாமியார் எழுந்தார். அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கை ஓட்டில் எடுத்து வாசலில் வைத்தார். இலையைச் சாய்த்து ஒரு சிட்டிகையை அதன்மேல் விழவிட்டார்.

"காத்துக்கு எதிர்ப்பக்கம் வா."

ரோஜா நிறம் நீலம் பாரித்தது. அப்புறம் புகைந்தது.

"என்ன வாசனை வருது?"

"பூண்டு."

"நான் பூண்டு போட்டேனா?"

"இல்ல."

"பாஷாணம் வெந்தா அந்த வாசனைதான். கல்லுக்குள்ள இருந்து வந்திருக்கு. ஓடு."

மாசானம் ஓடினான். அரை மைல் இறக்கம். செருப்பு எங்கே கழன்றது என்று அவனுக்குத் தெரியாது.

முத்துப்பேச்சி வாசலில் உட்கார்ந்து ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. காலி.

மாசானம் சொம்பைக் காட்டினான்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

"குடிச்சிட்டியா?"

"கோவிச்சுக்கிடாத. குடிக்கல."

"ஏன்?"

"குங்குமம்னா தண்ணி செவக்கணும்லா? இது கரையவே இல்ல. மண்ணு மாதிரி அடியில போய்த் தங்கிட்டு. அம்மன் குடுத்ததைக் குறை சொன்னா நீ ஆடுவியேன்னு, சத்தமில்லாம குழி தோண்டி ஊத்தி மூடிட்டேன்."

மாசானம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பூசாரி வீட்டுக்குப் போய் நாலு பேர் நெற்றியையும் தானே கழுவிவிட்டான். பூசாரி வைத வசவையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டான்.

அவன் மலையேறி வந்தபோது, சாமியார் பொடியை இலையோடு புதைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கல சாமி."

சாமியார் கண்ணை மூடித் திறந்தார்.

"பதினோரு வருஷம் உங்க காலடியில கிடந்தேன். எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அடியில தங்குச்சாம், அதைப் பாத்தே கொட்டிட்டாளாம்."

சொல்லிவிட்டு, எப்போதும் போல அவர் கையைக் கண்ணில் ஒற்றக் குனிந்தான். சாமியார் கையை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"இது தவத்துல வந்த காய்ப்பு இல்ல. அந்தக் குகைக்கு நானும் போனேன், மாசானம். எனக்கும் அடியிலதான் தங்குச்சு. தினமும் விரலை விட்டுக் கலக்கிக் கலக்கிக் குடிச்சேன்."