மூன்று தடவை தேய்த்த குளியல்

அந்தக் காலத்தில் நாய்களுக்கு வீடு கிடையாது, ஆனால் பேச்சு இருந்தது. காட்டோரம் ஓடைக்கரையில் குழி பறித்து, தங்கள் பாட்டுக்குக் குடித்தனம் நடத்தின. மனிதர்களோடு பகையும் இல்லை, ஒட்டும் இல்லை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. செவலை என்ற பெண் நாய் ஈன்ற ஆறு குட்டிகளில் ஐந்து செத்துப்போயின. மிச்சமிருந்த ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, காட்டோரத்தில் தினை பயிரிட்டு வாழ்ந்த சடையன் வீட்டு வாசலில் வந்து நின்றது. சடையனின் மனைவி பூவாயி வெளியே வந்ததும், செவலை குட்டியைக் கீழே விட்டது.

"தாயி, எனக்குப் பால் வத்திப் போச்சு. உன் வீட்ல கூழ் இருக்கு. ஓடையில தண்ணி ஓடுற அன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் இவன் உசுரைக் காப்பாத்திக் குடு."

"விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்" என்றாள் பூவாயி.

"ஒண்ணே ஒண்ணு. நான் வர்ற வரைக்கும் இவன் மேல தண்ணி ஊத்தாதே. எங்களுக்கு முகம் தங்காது, வாசந்தான் தங்கும். இவன் மேல என் வாசம் இருக்கிற வரைக்குந்தான் நான் இவனுக்கு அம்மா."

பூவாயி அதன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அப்போது அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பத்து நாள் குட்டி படுத்திய பாடு கொஞ்சமில்லை. அடுப்படியில் மூத்திரம் பெய்தது. சடையனின் ஒற்றைச் செருப்பைக் கடித்துத் துப்பியது. அவன் குச்சியை எடுத்தால் பூவாயி தடுத்தாள். "அடிச்சா பயந்துக்கிட்டு இன்னும் ரெண்டு இடத்துல பெய்யும், சும்மா இருங்க." கூழ் குடித்ததும் தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் விடுவாள். அங்கே பெய்தால் கழுத்தைச் சொறிந்து கொடுப்பாள். செருப்புக்குப் பதிலாகக் கடிக்க ஒரு தேங்காய் மட்டை கொடுத்தாள். அடுப்படிக்குள் வரக்கூடாது, வாசலில் யார் வந்தாலும் "யாரு?" என்று கேட்க வேண்டும், பதில் சரியில்லை என்றால் விரட்ட வேண்டும். எல்லாவற்றையும் குட்டி ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது.

ஆனால் படுக்கும்போது மட்டும் தன் தொடையிடுக்கில் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். "அத்தை, அம்மா எப்ப வருவா?" என்று கேட்கும்.

"மழை வரட்டும்டா" என்பாள் பூவாயி. தினமும் இதே கேள்வி, இதே பதில்.

ஆடிச் சாரலை நம்பி விதைத்த தினை கதிர் பிடித்தது. காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்து வந்தன. குட்டி "யாரு?" என்று ஒரு அதட்டல் போட்டால் கூட்டமே திரும்பி ஓடியது. சடையனுக்கு வாயெல்லாம் பல். ஒருநாள் மேற்கே மேகம் கறுத்துத் திரண்டது. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது.

"ஏ புள்ள, கதிர் முத்துற நேரத்துல இவனை அனுப்பிட்டா, பன்னிக்கு நாமளே இலை போட்டுப் பரிமாற வேண்டியதுதான்."

"சத்தியம் பண்ணியிருக்கேன் மாமா."

"நாளைக்குப் புதுக்கதிர் படையல். குளிக்காம எந்த உசுரு வாசப்படி ஏறும்? சாமிக்காகச் செய்யுறது சத்தியத்துல சேராது."

பூவாயிக்கு அது பொய் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பொய் அவளுக்கு வேண்டியிருந்தது. கழுத்தைச் சொறிந்து சொறிந்து அவள் கைக்கும் குட்டி பழகிவிட்டது. வெந்நீர் போட்டாள். சீயக்காயும் மஞ்சளும் அரைத்தாள். படையலுக்கு ஒரு தடவை குளித்தால் போதும். அவள் மூன்று தடவை தேய்த்தாள்.

குட்டி உதறிக்கொண்டு, தொடையிடுக்கை மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்தது. "அத்தை, என் மேல யாரோ இருந்தாங்க. காணோம்" என்றது. பூவாயி அண்டாவைக் கழுவினாள்.

அன்று மாலையே மழை கொட்டியது. மறுநாள் காலை ஓடை சலசலத்து ஓடியது. எலும்பும் தோலுமாகச் செவலை வந்து வாசலில் நின்றது.

"யாரு?" என்றது குட்டி.

"நான்தாண்டா, உன் அம்மா."

குட்டி அதை மோந்தது. பிறகு தன்னை மோந்தது. இரண்டும் ஒட்டவில்லை. திரும்பி, "அத்தை, இவங்க யாரு?" என்று கேட்டது.

ஒரு சொல் போதும். பூவாயி சடையனைப் பார்த்தாள், தினைக் காட்டைப் பார்த்தாள், "தெரியலையேடா" என்றாள்.

கற்றுக்கொண்ட பாடத்தை அந்தப் பிள்ளை ஒழுங்காகச் செய்தது. பாய்ந்து செவலையின் காதைக் கவ்விக் கிழித்தது. செவலை திருப்பிக் கடிக்கவில்லை. பூவாயியை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். திரும்பி நடந்து ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

நாக்கில் ரத்தம் பட்ட பிறகுதான் குட்டிக்குத் தெரிந்தது. காணாமல் போன வாசம் அதில் இருந்தது. அலறிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடியது. செவலையைக் காணோம். வெள்ளம் குழியையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. அம்மா படுத்த மண் என்று நினைத்த இடத்திலெல்லாம் முதுகை வைத்துப் புரண்டது. கழுத்தைத் தேய்த்தது, வயிற்றைத் தேய்த்தது. எந்த மண்ணிலும் அவள் இல்லை.

பொழுது சாய்ந்ததும் வேறு போக்கிடம் இல்லாமல் சடையன் வீட்டுக்கே திரும்பியது. கூழைக் குடித்தது, காவலும் காத்தது. ஆனால் "அத்தை" என்று பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. வெறும் குரைப்பு மட்டும் மிஞ்சியது. அந்த வருடம் தினை நன்றாக விளைந்தது.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று பழமொழியை ஆரம்பித்துவிட்டு நாம் சிரிக்கிறோம். சத்தியம் தவறியது நாம், கெட்ட பெயர் அதற்கு. அன்று முதல்தான், எத்தனை வாசனை போட்டுக் குளிப்பாட்டினாலும், கையை விட்ட மறுநொடி நாய் ஓடிப்போய் மண்ணில் புரண்டு தன் தாயைத் தேடுகிறது.